அப்பா படித்த பணிப்பட்டியல்

எங்கள் வீட்டில் முதல் கேப்டன் அப்பாதான். சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுநரைப் பஸ் கேப்டன் என்றுதான் சொல்வார்கள். 23 ஆண்டுகளாக ஈசூன் பக்கத்துத் தடங்களில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவரிடம், 2022 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை இரவு, எனக்கு வந்திருந்த இரண்டு விமானி வேலைக் கடிதங்களையும் சாப்பாட்டு மேசையில் வைத்துக் காட்டினேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்பார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பணிப்பட்டியல் எங்கே?" என்றார்.

எந்த நாள் வேலை, எந்த நாள் ஓய்வு என்று காட்டும் அந்தத் தாள் கடிதத்தோடு வராது, வேலையில் சேர்ந்த பிறகுதான் தருவார்கள் என்றேன்.

"ஏற்கெனவே அங்கே ஓட்டுகிறவனிடம் இருக்குமே. வாங்கி வா." சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மறுநாள் அவருக்கு அதிகாலை வண்டி.

விமானி வேலையைப் பற்றி அதுவரை எத்தனையோ பேரிடம் ஆலோசனை கேட்டிருந்தேன். காசு கொடுத்துக் கேட்டதும் உண்டு. பணிப்பட்டியலை வாங்கிப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். தேசிய சேவை முடிந்ததும் 2018இல் பெர்த் நகரின் ஜண்டாகோட் விமான நிலையத்தில் இயங்கிய ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். எந்த விமான நிறுவனத்தின் உபகாரச் சம்பளமும் கிடையாது, சொந்தப் பணம். சொந்தப் பணம் என்பது பேச்சுக்கு. ஈசூனில் இருந்த ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு அப்பாவும் அம்மாவும் மூன்றறை வீட்டுக்கு மாறியதில் கிடைத்த பணம் அது. 2019 டிசம்பரில் 210 மணி நேரப் பறப்போடு வணிக விமானி உரிமம் கைக்கு வந்தது. நான்கு மாதத்தில் கொவிட் பரவி, சாங்கியில் விமானங்களை வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2020 செப்டம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் ஏறத்தாழ 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே நாளை என்ன ஆகுமோ என்றிருந்தபோது 210 மணி நேரக்காரனை யார் சீந்துவார்கள்? பாதுகாப்பான இடைவெளித் தூதராகத் தேக்கா சந்தையில் நின்று, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மீன் வாங்க வந்த ஒரு பாட்டி, "படித்த பிள்ளை மாதிரி இருக்கிறாய், உனக்கு வேறு வேலை கிடைக்கவில்லையா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் 2022இல் இரண்டு கடிதங்கள் ஒரே வாரத்தில் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டுமே சிங்கப்பூருக்கு வெளியே. முதலாவது, ஒரு தலைநகரைத் தளமாகக் கொண்ட மலிவுக் கட்டண நிறுவனம். ஏர்பஸ் ஏ320 ஜெட். இரண்டாவது, தீவுகள் நிறைந்த ஒரு நாட்டில் தீவுக்குத் தீவு பறக்கும் சிறு நிறுவனம். ஏடிஆர் 72, எழுபது பேர் அமரும் டர்போப்ராப், அதாவது விசிறி சுழலும் விமானம். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் இந்த வட்டாரத்தில் பல இடங்களிலும் உள்ளவை.

ஜெட்டுக்குத்தான் என் மனம் சாய்ந்தது. இருபத்தாறு வயதுக்காரன் யாருக்கும் அப்படித்தான் சாயும். கிள்ளானில் இருக்கும் பெரியம்மா தொலைபேசியில், "காற்றாடி விமானமா? இந்தக் காலத்தில் அதையெல்லாம் இன்னும் ஓட்டுகிறார்களா?" என்று கேட்டதும் அந்தச் சாய்வு இன்னும் கூடியது.

பணிப்பட்டியல்களை வாங்குவது நினைத்த அளவுக்குக் கடினமாக இல்லை. பயிற்சிப் பள்ளியில் எனக்கு மூத்தவர் ஒருவர் முதல் நிறுவனத்தில் இருந்தார். இரண்டாவதில் பறந்துகொண்டிருந்த ஒரு துணை விமானியைத் தெரிந்தவர் மூலம் பிடித்தேன். இருவரும் பெயரை மறைத்துவிட்டு இரண்டு மாதப் பட்டியலை அனுப்பினார்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஒரு மாதம் போதாது, இரண்டு மாதமாகக் கேளுங்கள். அதில் ஒன்று மழைக்கால மாதமாக இருக்கட்டும்.

அப்பா அவற்றைப் படித்த விதத்தை இங்கே எழுதி வைக்க வேண்டும். விமானத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஓய்வு நாளைப் பற்றி எல்லாம் தெரியும்.

முதல் நிறுவனத்தின் தாளில் மாதத்துக்கு ஒன்பது ஓய்வு நாள்கள் இருந்தன. அப்பா பென்சிலால் ஐந்தைச் சுழித்தார். அவை தனித்தனி நாள்கள். முந்தைய நாள் நள்ளிரவில் வேலை முடிகிறது, அடுத்த நாள் விடியற்காலையில் தொடங்குகிறது. "இது ஓய்வு இல்லை, துணி துவைக்கிற நாள்" என்றார். தளம் வெளிநாட்டில் இருப்பதால் அந்த ஐந்து நாளும் நான் வீட்டுக்கு வர முடியாது. பிறகு ஸ்டாண்ட்பை நாள்களை, அதாவது அழைத்தால் போகத் தயாராகக் காத்திருக்கும் நாள்களை, எண்ணினார். பதினொன்று. "உன்னைச் சும்மா உட்கார வைக்கிறான். உட்கார்ந்திருப்பதற்கு என்ன கொடுக்கிறான்?" எனக்குத் தெரியவில்லை. கடிதத்தை மறுபடி படித்தோம். அடிப்படைச் சம்பளம் சிறிய தொகை. மீதியெல்லாம் பறக்கும் மணிக்கு இவ்வளவு என்ற கணக்கு. மாதத்துக்குக் குறைந்தது இத்தனை மணி நேரத்துக்கான ஊதியம் உறுதி என்ற வாசகம் எங்கும் இல்லை. அதாவது கடிதத்தின் மேலே தடித்த எழுத்தில் இருந்த தொகை, மாதம் எண்பது மணி நேரம் பறந்தால் கிடைக்கும் தொகை. அந்தப் பட்டியலுக்குரியவர் முதல் மாதம் 41 மணி நேரமும் அடுத்த மாதம் 47 மணி நேரமும் பறந்திருந்தார்.

இரண்டாவது நிறுவனத்தின் தாள் வேறு மாதிரி இருந்தது. ஐந்து நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு. ஒரு நாளைக்கு நான்கு பறப்பு, சில நாள் ஆறு. காலை ஆறரைக்குத் தொடங்கி மாலை ஐந்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஐம்பது மணி நேர ஊதியம் உறுதி. "இரவு வண்டியே இல்லை!" என்று அப்பா மகிழ்ந்து போனார். நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிக்கு என்ன விலை என்று மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிணை ஒப்பந்தத்தைப் பற்றித்தான் இளம் விமானிகள் பேசிக்கொள்ள வேண்டும், ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு பேசுவதில்லை. ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சிக்குப் பெரும் செலவாகும். அந்தச் செலவை நிறுவனம் ஏற்றால் இத்தனை ஆண்டு விட்டுப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் நிறுவனம் பயிற்சிச் செலவில் பாதியை என் தலையில் கட்டிவிட்டு, ஆறு ஆண்டுப் பிணையும் கேட்டது. பாதிச் செலவு, முழுப் பிணை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உறுத்தியது வேறு இரண்டு. ஒன்று, அந்த ஆறு ஆண்டு நான் கையெழுத்திடும் நாளிலிருந்து ஓடாது. பயிற்சியெல்லாம் முடிந்து, பயணிகளோடு பறந்து, கடைசித் தேர்வான லைன் செக்கில் தேறிய நாளிலிருந்துதான் ஓடும். சேரும் தேதியோ "பின்னர் தெரிவிக்கப்படும்". இரண்டு, தொகை மாதாமாதம் குறையாது. ஐந்தே முக்கால் ஆண்டு கழித்து விலகினாலும் முழுத் தொகையைக் கட்ட வேண்டும்.

இரண்டாவது நிறுவனம் பயிற்சிச் செலவு முழுவதையும் ஏற்றது. மூன்று ஆண்டுப் பிணை. மாதம்தோறும் குறையுமா என்று கடிதத்தில் இல்லை. கேட்டேன், குறையும் என்று மின்னஞ்சலில் பதில் வந்தது. அந்த மின்னஞ்சலை இன்றுவரை அழிக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய இன்னொன்றை நான் கேட்கவில்லை: சம்பளம் முப்பது நாளுக்கு மேல் தாமதமானால் பிணை தானாகவே செல்லாமல் போகுமா? 2023இல் இரண்டு மாதச் சம்பளம் தாமதமாக வந்தபோது, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அந்த ஒரு வரியைத்தான் நினைத்து நினைத்து வருந்தினேன். அவர்கள் பணம் தராமல் இருக்கலாம், நான் மட்டும் ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டும். பணம் பின்னர் முழுதாக வந்துவிட்டது. வராமல் போயிருந்தாலும் ஒப்பந்தப்படி நான் கட்டுண்டவன்தான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் விமானி வேலையைத் தேர்ந்தெடுப்பது பற்றி நாம் படிக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே வட்டார விமான நிறுவனம் என்றால் பொருளே வேறு. ஸ்கைவெஸ்ட் போன்ற நிறுவனம் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன், அலாஸ்கா ஆகியவற்றின் பெயரில்தான் பறக்கிறது. டிக்கெட்டை விற்பது பெரிய நிறுவனம், விமானத்தை ஓட்டுவது இவர்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு சட்டம் மாறியது. 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு வேண்டும். (அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் என்பது தனிக் கதை.) எனவே அங்குள்ள இளைஞர், பெரிய நிறுவனத்துக்கு எந்த வழியாகச் சீக்கிரம் போகலாம் என்று பார்த்து வட்டார நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறார். நம் பக்கத்தில் 200 மணி நேரத்தோடு ஏ320இல் துணை விமானிக்குரிய வலது இருக்கையில் அமர முடியும்; ஆனால் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏறிச் செல்லப் போட்டு வைத்த பாதை பொதுவாகக் கிடையாது. அவர்களுடைய வரைபடத்தை வைத்துக்கொண்டு நம் ஊரில் வழி தேடினால் உட்லண்ட்ஸ் போக நினைத்தவன் பூன் லேயில் இறங்கி நிற்பான்.

நம்மிடம் உள்நாட்டுப் பறப்பு என்று ஒன்று இல்லாததும் பெரிய குறை. கரூரிலிருந்து வந்து சென்னையிலோ ஹைதராபாத்திலோ ஏடிஆர் ஓட்டிப் பழகும் இந்திய இளைஞருக்கு உள்ள வாய்ப்பு சிங்கப்பூர்ப் பிள்ளைக்குச் சொந்த ஊரில் கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட் 112 இருக்கை கொண்ட எம்ப்ரேயர் ஈ190-ஈ2 விமானங்களை 2024 மே மாதத்தில் தாய்லாந்தின் கிராபிக்குப் பறக்கவிட்டபோது, இது இரண்டு ஆண்டு முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். வந்திருந்தால் என் கணக்கே மாறியிருக்கலாம்.

பெயரைப் பார்த்து மயங்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்து சாங்கியில் பார்த்த வால் வண்ணங்களை எண்ணிப் பாருங்கள். டைகர்ஏர் 2017இல் ஸ்கூட்டோடு இணைந்தது. சில்க்ஏர் 2021இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு இணைந்தது. 2004இல் தொடங்கிய ஜெட்ஸ்டார் ஏஷியா 2025 ஜூலை 31 அன்று கடைசியாகப் பறந்தது. 500க்கும் அதிகமான ஊழியர்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. பெரிய கட்டடம், நல்ல சீருடை, நிலையான நிறுவனம் என்று உறவினர்கள் சொல்வதெல்லாம் நிரந்தரமில்லை. உங்களோடு கடைசிவரை வருவது உங்கள் பறப்புப் பதிவேடு மட்டும்தான். அதில் என்ன எழுதப்படும் என்பதை வைத்துத்தான் நான் கடைசியில் முடிவெடுத்தேன்.

மணி நேரத்திலும் சாதி உண்டு என்பதை அப்போதுதான் கற்றேன். ஒற்றை எஞ்சின் செஸ்னா காரவான் ஓட்டிச் சேர்க்கும் ஆயிரம் மணி நேரத்தையும், இரண்டு விமானிகள் சேர்ந்து இரட்டை எஞ்சின் விமானத்தில் சேர்க்கும் ஆயிரம் மணி நேரத்தையும் பெரிய நிறுவனங்கள் ஒன்றாக மதிப்பதில்லை. பல விண்ணப்பங்களில் இத்தனை டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள விமானம் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஏடிஆர் 72 ஏறத்தாழ 23 டன்; பெரும்பாலான கோடுகளைத் தாண்டிவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு காற்றாடி மீது இருந்த வெட்கம் பாதி போய்விட்டது.

மீதிப் பாதியை அம்மா போக்கினார். அவருக்கு வெட்கமில்லை, பயம். சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்திலிருந்து மலேசியாவின் சுபாங்குக்கு ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் ஏடிஆர் விமானங்கள் 2022இல் மீண்டும் பறக்கத் தொடங்கியிருந்தன. பெரியம்மாவைப் பார்க்கிற சாக்கில் அம்மாவை அதில் அழைத்துப் போனேன். பின்பக்கக் கதவு வழியாக ஏறியதே அவருக்கு அதிசயம். பொருள்கள் முன்னால், பயணிகள் பின்னால் என்று விளக்கினேன். புறப்பட்டுக் கொஞ்ச நேரத்துக்குக் கையை விடவே இல்லை. இறங்கும்போது, "ஜன்னலில் எல்லாம் தெரிகிறது. பெரிய விமானத்தில் மேகம்தான் தெரியும்" என்றார். அம்மாவிடமிருந்து அது சம்மதம்.

இரண்டாவது கடிதத்தில் கையெழுத்திட்டேன். ஐந்து வாரத்தில் பயிற்சி தொடங்கியது. தேசிய சேவைக் கடமை இருப்பதால் நீண்ட காலம் வெளிநாட்டில் தங்க அனுமதி வாங்குவது, அந்த நாட்டில் என் சிங்கப்பூர் உரிமத்துக்கு ஏற்புச் சான்று வாங்குவது என்று தாள் வேலையில் பாதி நாள் போனது. இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டில் பெறும் டைப் ரேட்டிங் தானாகவே சிங்கப்பூர் உரிமத்தில் ஏறாது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், சில நேரம் தனித் தேர்வு. அங்கே வேலை நன்றாகப் போகிறது என்று விட்டுவிட்டால், திரும்பி வரும்போது கையில் இருக்கும் உரிமத்தில் பெர்த்தில் ஓட்டிய சிறு விமானம் மட்டுமே இருக்கும். சூட்டோடு சூடாக முடித்துவிடுங்கள்.

வேலையைப் பற்றி நிறைய எழுதலாம். ஏடிஆரில் ஜெட்டில் இருப்பதுபோல் தனித் துணை எஞ்சின் கிடையாது. தரையில் நிற்கும்போது வலப்பக்க எஞ்சினின் விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு மின்சாரமும் குளிர்காற்றும் எடுப்பார்கள். வலப்பக்கம் என்றால் என் பக்கம். நண்பகலில் தீவில் இருபது நிமிடம் நிற்கும்போது எஞ்சின் சத்தம் காதிலும் வெயில் மடியிலும் இருக்கும். 25,000 அடிக்கு மேல் போகவும் முடியாது. ஜெட்காரர் 36,000 அடியில் நின்று பல மேகங்களைக் குனிந்து பார்ப்பார். நாங்கள் அவற்றின் நடுவே வழி கேட்டுக்கொண்டிருப்போம். மழை ஓடுபாதையின் இந்த முனையில் கொட்டிக்கொண்டிருக்க, அந்த முனையில் வெயில் அடிக்கும். 1,300 மீட்டர் ஓடுபாதை, தரையிறங்க வழிகாட்டும் கருவிகள் குறைவு, பக்கவாட்டுக் காற்று.

எனக்கு வாய்த்த கேப்டன்களில் ஒருவர் ஜோகூர்த் தமிழர். விமானி அறைக்குள் கேப்டன், வெளியே வந்ததும் அண்ணன். முதல் மாதத்தில் மூன்று நாள் தொடர்ந்து நான் மோசமாகத் தரையிறக்கினேன். மூன்றாம் நாள் மாலை, விடுதி வாசலில் தேநீர் குடித்துக்கொண்டே, "தம்பி, நாளைக்கு உனக்கு மறுபடி மூன்று இருக்கிறது. ஜெட் ஓட்டுகிறவனுக்கு இந்த வாய்ப்பு அடுத்த வாரம்தான் வரும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மூன்று ஆண்டில் 2,300 பறப்பு. அதில் தரையிறக்கியது நான் என்று பதிவேட்டில் இருப்பவை 1,140. பயணிகளோடு தொடர்ந்து பறக்கத் தொண்ணூறு நாளில் மூன்று புறப்பாடும் மூன்று தரையிறக்கமும் போதும் என்பது பெரும்பாலான நாடுகளில் உள்ள விதி. எனக்கு அந்த மூன்று, காலைச் சிற்றுண்டிக்கும் மதிய உணவுக்கும் இடையிலேயே முடிந்துவிடும்.

இனி, இரவு வண்டி இல்லாத கதை.

நாங்கள் போன தீவுகளில் பாதிக்கு மேல் ஓடுபாதை விளக்கு கிடையாது. அதனால்தான் எல்லாப் பறப்பும் சூரியன் மறைவதற்குள் முடிந்தது. மூன்றாம் ஆண்டில் நிறுவனம் என்னைக் கேப்டன் பயிற்சிக்குப் பரிந்துரைத்தது. அதற்கு ஏடிபிஎல் என்ற உயர்நிலை உரிமம் வேண்டும். அதற்கு மொத்தம் 1,500 மணி நேரம் வேண்டும். என்னிடம் 2,000 இருந்தது. தயக்கமே இல்லாமல் விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தொடங்கி, ஒரு கட்டத்தில் கை நின்றுவிட்டது. இரவுப் பறப்பு 100 மணி நேரம். பெர்த்தில் பறந்ததையும் சேர்த்து என்னிடம் 63. எங்களிடம் இருந்த ஒன்றிரண்டு இரவுப் பறப்புகள் தலைநகரிலிருந்து போகிறவை; அங்கே குடும்பம் வைத்திருந்த மூத்தவர்கள் அவற்றை யாருக்கும் விடுவதில்லை. நான் கெஞ்சிக் கேட்டு நான்கு மாதத்தில் எட்டு மணி நேரம் சேர்த்தேன். அதற்குள் கேப்டன் பயிற்சி வகுப்பு வேறு இருவரோடு தொடங்கிவிட்டது.

எனவே அப்பாவின் கேள்விகளோடு நான் சேர்க்கும் கேள்வி இது: ஏடிபிஎல் படிவத்தை முதல் நாளே எடுத்து வைத்துக்கொண்டு, இந்த நிறுவனத்தில் எந்தக் கட்டம் நிரம்பும், எந்தக் கட்டம் காலியாக இருக்கும் என்று பாருங்கள். மொத்த மணி நேரம் எல்லோருக்கும் நிரம்பும். இரவு, தனிப் பொறுப்பு, கேப்டன் மேற்பார்வையில் கேப்டனின் கடமையைச் செய்த நேரம், இவைதான் காலை வாரும். கடைசியாகச் சொன்னது துணை விமானிகளுக்கு மிக முக்கியம். அந்தந்தக் கேப்டன் கையெழுத்திட்டால்தான் செல்லும்.

பணத்தில் நான் செய்த தவறு மத்திய சேமநிதி (ஓய்வுக்காலத்துக்கும் வீட்டுக்கும் உதவும் கட்டாயச் சேமிப்பு). சிங்கப்பூரில் வேலை செய்திருந்தால் என் சம்பளத்தில் 20 விழுக்காடும் அதற்கு மேல் முதலாளி தரும் 17 விழுக்காடும் அந்தக் கணக்குக்குப் போயிருக்கும். வெளிநாட்டு முதலாளி எதுவும் போடமாட்டார். கையில் வரும் தொகை பெரிதாகத் தெரியும். மூன்று ஆண்டு கழித்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பிக்க நினைக்கும்போது கணக்கில் தூசிதான் இருக்கும். எனக்கு நிச்சயமாகியிருந்த பெண் இதை என்னைவிட முன்பே கண்டுபிடித்துக் கேட்டாள். பதில் இல்லை. நாமே விருப்பத்தின் பேரில் கட்டி வந்திருக்கலாம், கட்டவில்லை. இப்போது வீட்டுக்குக் காத்திருக்கிறோம்.

ஜெட் கடிதத்துக்கு என்ன ஆயிற்று? பெர்த்தில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பன் அதில் சேர்ந்தான். சேரும் தேதி மூன்று முறை தள்ளிப் போய், 2023 ஜூனில்தான் அழைத்தார்கள். அதுவரை பதினோரு மாதம் உணவு விநியோகம் செய்தான். லைன் செக் 2024 ஜனவரியில் முடிந்தது. அன்றிலிருந்து ஆறு ஆண்டு எண்ணினால் 2030. இதைப் படித்துவிட்டு நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவனிடம் இன்று 1,300 மணி நேர ஜெட் அனுபவம் இருக்கிறது, பெரிய நிறுவனங்கள் கேட்பது அதைத்தான். பறக்கும் மணியும் இப்போது அவனுக்கு மாதம் எழுபதைத் தாண்டிவிட்டது. நான் 2025 கடைசியில் சிங்கப்பூர்த் தளம் கிடைத்து ஜெட்டுக்கு மாறினேன். என்னைவிட நான்கு வயது இளையவர்கள் பணிமூப்புப் பட்டியலில் எனக்கு மேலே இருக்கிறார்கள். விடுமுறை, தடம், கேப்டன் பதவி எல்லாம் அந்தப் பட்டியலின் வரிசையில்தான் வரும். ஏடிஆரில் போட்ட 1,140 தரையிறக்கத்துக்கு அதில் ஓர் இடம்கூட முன்னால் தரமாட்டார்கள். தரையிறக்கும் அந்த முப்பது நொடி மட்டும் எனக்குப் பதற்றமில்லாமல் போகிறது. மற்ற நேரமெல்லாம் புதியவன்தான். ஜெட்டின் வேகத்துக்கு என் மூளை பழக இரண்டு மாதம் ஆனது, பயிற்றுநர் அதை நயமாகவே சொன்னார்.

தென்னிந்தியாவுக்குப் போய்த் திரும்பும் இரவுப் பறப்புகளை இப்போது யாரும் விரும்புவதில்லை. நான் கேட்டு வாங்குகிறேன். ஒரு முறை போய்வந்தால் ஏறத்தாழ எட்டு மணி நேரம், முழுக்க இருட்டில். நான்கே பறப்பில் குறை தீர்ந்துவிட்டது. விடியற்காலையில் வீட்டுக்குள் நுழையும்போது அப்பா காலை வண்டிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பார். "இரவு வண்டியா?" என்பார். "இரவு வண்டிதான் அப்பா" என்பேன்.

போன மாதம் ஏடிபிஎல் விண்ணப்பத்துக்காகப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகக் கூட்டினேன். 2024 மார்ச்சில் ஒரு பக்கத்தில், மேற்பார்வைப் பறப்புகள் மூன்றுக்குக் கையெழுத்து இல்லை. ஜோகூர் அண்ணனோடு போனவை. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வாங்கிவிட வேண்டும் என்று பிறருக்குச் சொல்கிறவன் நான். அந்த மாதம் மறந்திருக்கிறேன். அவர் இப்போது வளைகுடாவில் ஒரு நிறுவனத்தில் இருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, தன் பதிவேட்டோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்தித் தருமாறு கேட்டேன். பத்து நாள் பதில் இல்லை. பிறகு கையெழுத்திட்ட கடிதம் வந்தது, கூடவே ஒரு குறிப்பு: "தம்பி, மூன்றாவது பறப்பில் தரையிறக்கியது நான். உன் பதிவேட்டில் திருத்திக்கொள்."

1,139.